ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தன பேருக்கு ஒரு சிஸ்டர்?

ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வார்டுல பேஷன்ட் சார்ட்ட எடுத்து பாருங்க. ஜுரம் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற இருக்கும், பிபி வேற வேற இருக்கும், மூச்சு மட்டும் முக்காவாசி பேருக்கு 20ன்னு இருக்கும். ஒரு வார்டுல படுத்திருக்குற 28 பேரும் ஒரே மாதிரி நிமிஷத்துக்கு 20 தடவ மூச்சு விட மாட்டாங்கல்ல, அப்ப யாரும் எண்ணலன்னு அர்த்தம். மூச்ச ஒழுங்கா எண்ணணும்னா பேஷன்டோட நெஞ்ச பாத்துக்கிட்டு ஒரு முழு நிமிஷம் சும்மா நிக்கணும், அந்த ஒரு நிமிஷம் நைட் டியூட்டி சிஸ்டர் கையில இருக்காது. நானும் 20ன்னு எழுதியிருக்கேன், ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, நெறைய நைட்.

2014 வாக்குல நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சர்ஜரி வார்டுல இருந்தேன், பேரு வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு ஏறினா காலையில எட்டு மணிக்கு தான் இறங்க முடியும். 28 பெட், நானும் இன்னும் கோர்ஸ் முடிக்காத ஒரு பிள்ளையும். குளச்சல் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மச்சி, இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள், "மக்களே, கொஞ்சம் வெள்ளம் தா"ன்னு கேட்டு குடிச்சிட்டு நல்லா தான் பேசிட்டு இருந்தாங்க. பத்து மணி ரவுண்ட்ல ஜுரம் பாத்தேன், பிபி பாத்தேன், மூச்சு 20ன்னு போட்டுட்டு அடுத்த கட்டிலுக்கு போயிட்டேன். ரெண்டு மணி இருக்கும், அம்மச்சிக்க மக வந்து நிக்காங்க, "சிஸ்டரே, அம்மைக்கு மூச்சு ஒரு மாதிரியா வருது, ஒண்ணு வந்து பாருங்களேன்"னு. எனக்கு அப்ப 11ம் நம்பர் பெட்ல கேனுலா, அதாவது டிரிப் ஏத்துற ஊசிக்குழாய், கழண்டு ரத்தம் வந்துட்டு இருந்துது, அஞ்சு நிமிஷத்துல வாறேன்னு சொன்னேன், அந்த அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷம் ஆச்சு. போய் எண்ணினா 36. ஆக்சிஜன் அளவு 84. டியூட்டி டாக்டர எழுப்பி, ஆக்சிஜன் போட்டு, ஐசியுக்கு மாத்தினோம், காலுல இருந்த ரத்தக்கட்டி நுரையீரல்ல போய் அடைச்சிருந்துது. பதினொரு நாள் கழிச்சு நடந்து இல்லன்னாலும் வீல் சேர்ல சிரிச்சிட்டே தான் வீட்டுக்கு போனாங்க. அவங்கள காப்பாத்துனது அந்த மக தான், நான் எழுதின 20 இல்ல. பத்து மணிக்கே நான் எண்ணியிருந்தா என்ன நம்பர் வந்திருக்கும்னு இப்ப வரைக்கும் தெரியாது, அது எனக்கு இன்னும் உறுத்திட்டே தான் இருக்கு.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, நர்ஸ் பத்தாக்குறைன்னா ஜனங்க நெனைக்கிறது "கூப்பிட்டா சிஸ்டர் வர லேட் ஆகுது" அவ்வளவு தான். அதுக்கு பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, அந்த கணக்க யாரும் வெளிப்படையா போட்டு காட்டுறதில்ல.

முதல்ல ஒரு நைட்டோட நேரக் கணக்கு. 28 பேர், ஏறின உடனே ஓவர் எடுக்கணும், அதாவது முந்தின ஷிப்ட் சிஸ்டர் கட்டில் கட்டிலா வந்து யாருக்கு என்னன்னு சொல்லி ஒப்படைக்கிறது, ஆளுக்கு ஒன்றரை நிமிஷம்னாலும் முக்கா மணி நேரத்துக்கு பக்கம் ஓடிரும். பத்து மணிக்கு 16 பேருக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி இருக்குன்னு வைங்க, மருந்த கலக்கி, பேர் சரி பாத்து, லைன் ஓடுதான்னு பாத்து, மெதுவா ஏத்தணும், ஆளுக்கு ஆறு நிமிஷம், 96 நிமிஷம். பத்து மணி மருந்து கடைசி ஆளுக்கு கிடைக்கும்போது மணி பதினொன்றரைய தாண்டிரும். வைட்டல்ஸ், அதாவது ஜுரம், பிபி, மூச்சு எல்லாம் எடுக்க ஆளுக்கு நாலு நிமிஷம், அதுல மூச்சு எண்ணுற ஒரு நிமிஷத்த விட்டுட்டா 28 நிமிஷம் மிச்சம். அந்த 28 நிமிஷத்துல தான் புதுசா வர்ற அட்மிஷன், எமர்ஜென்சி, பாத்ரூமுக்கு கூட்டிட்டு போக சொல்ற தாத்தா, வலில கத்துற பையன், எல்லாம். இதுக்கு நடுவுல பார்மசில மருந்து கேட்டு இன்டென்ட் போடணும், மிச்ச மருந்த பார்மசிக்கு திருப்பணும், காப்பீட்டு திட்டத்துக்கு பேப்பர் ரெடி பண்ணணும், கேஸ் ஷீட் எழுதணும். எழுதாத வேலை செய்யாத வேலைன்னு எங்களுக்கு படிக்கும்போதே சொல்லி தந்திருக்காங்க, அதனால நேரம் பத்தலன்னா செய்றது குறையும், எழுதுறது குறையாது. அந்த 20 அப்படி வர்றது தான்.

மூச்ச சொல்ல காரணம் இருக்கு. ஒருத்தருக்கு உடம்பு திடீர்னு மோசமாச்சுன்னு நாம சொல்றோம், பெரும்பாலும் அது திடீர்னு ஆகுறதில்ல, பல மணி நேரம் முன்னாடியே மூச்சு வேகம் ஏற ஆரம்பிச்சிரும், பிபி எல்லாம் அதுக்கப்புறம் தான் விழும். அத பாக்குறதுக்கு கட்டில் பக்கத்துல ஒரு ஆள் வேணும். டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு தடவ ரெண்டு தடவ வருவார், 24 மணி நேரமும் இருக்குறது நர்ஸ் தான். காப்பாத்தியிருக்க முடியும், ஆனா யாரும் நேரத்துக்கு கவனிக்காததால போயிட்டாங்கன்னு வர்ற சாவுகள தனியா எண்ணுறதுக்கு ஆராய்ச்சி உலகத்துல 1992ல இருந்தே ஒரு அளவுகோல் இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல் வர்றது எல்லா ஆஸ்பத்திரிலயும் வரும், அந்த சிக்கல் வந்தவங்கள்ல எத்தன பேர் செத்தாங்கன்னு பாக்குறது தான் அது.

இந்த விஷயத்துல பெரிய அளவுல ஆதாரம் காட்டுனவங்கள்ல ஒருத்தர் லிண்டா எய்க்கன்னு ஒரு அம்மா, அவங்களே நர்ஸ் தான், அமெரிக்கால பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல பேராசிரியர். 2002ல அவங்க குழு போட்ட ஆய்வு, 168 ஆஸ்பத்திரி, ஆபரேஷன் பண்ணின 2 லட்சத்து 32 ஆயிரம் பேஷன்ட், பத்தாயிரத்துக்கு மேல நர்ஸ். ஒரு நர்ஸ் பாக்குற பேஷன்ட் எண்ணிக்கைல ஒவ்வொரு ஆள் கூடும்போதும், 30 நாளுக்குள்ள சாவு நடக்குற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு வந்துது. 2014ல ஐரோப்பால 9 நாடு, 300 ஆஸ்பத்திரி, 4 லட்சத்துக்கு மேல பேஷன்ட்ட வச்சு அதே மாதிரி பாத்தாங்க, அங்கயும் அதே 7 சதவீதம். ரெண்டு கண்டம், வேற வேற மாதிரி ஆஸ்பத்திரிகள், ஒரே நம்பர். அந்த அமெரிக்க ஆய்வு நாலு பேரா எட்டு பேரான்னு பாத்தது, நம்ம ஊர் 28 அந்த கணக்குலயே இல்ல.

சரி, நம்ம நாட்டுல விதி இல்லையான்னு கேட்டா இருக்கு. இந்தியன் நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, மெடிக்கல் காலேஜ் மாதிரி சொல்லித்தர்ற ஆஸ்பத்திரில சாதா வார்டுக்கு மூணு பேஷன்டுக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரில அஞ்சு பேருக்கு ஒண்ணு, ஐசியுல ஒண்ணுக்கு ஒண்ணு, அது போக லீவுக்கு 30 சதவீதம் ஆள் கூடுதலா வைக்கணும். கேக்க நல்லா இருக்கு. மூணு பேருக்கு ஒரு நர்ஸ்னா, அஞ்சுக்கு ஒண்ணுன்னு சட்டம் போட்ட அமெரிக்காவோட கலிஃபோர்னியாவ விட நல்லா இருக்கேன்னு தோணும். இங்க தான் நெறைய பேர் ஏமாந்து போறது, எனக்கே படிச்சு முடிச்சு ரொம்ப நாள் கழிச்சு தான் புரிஞ்சுது, பைய படிங்க.

அந்த மூணுக்கு ஒண்ணுங்கறது ரோல்ல, அதாவது சம்பளப் பட்டியல்ல, இருக்குற ஆள் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு மூணு ஷிப்ட், அப்ப ஒரு இடத்துல எப்பவும் ஒரு நர்ஸ் நிக்கணும்னா வருஷத்துக்கு 1095 ஷிப்ட். ஒரு மனுஷி வருஷத்துல எத்தன நாள் டியூட்டி பாக்க முடியும்? 52 வார லீவு போனா 313, அதுல கேஷுவல் லீவு, மத்த லீவு, பண்டிகை எல்லாம் கழிச்சா சுமார் 260 நாள். 1095ஐ 260ஆல வகுத்து பாருங்க, நாலுக்கு மேல வரும். பிரசவ லீவு வந்தா அதுக்கும் மேல. கட்டில் பக்கத்துல ஒரு நர்ஸ் நிக்க ரோல்ல நாலு பேருக்கு மேல வேணும், இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும்.

இப்ப 30 பெட் வார்டு எடுத்துக்குவோம். அஞ்சுக்கு ஒண்ணுன்னா ஆறு பேரு, லீவு ரிசர்வ் சேத்தா எட்டு. எட்டு பேர் 260 நாள், ஒரு நாளைக்கு ஆறுக்கும் கொஞ்சம் கம்மி ஷிப்ட் தேறும். காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு, நைட் ரெண்டு, 15 பேருக்கு ஒரு சிஸ்டர். லீவு ரிசர்வ் வைக்காம வெறும் ஆறு பேர் வச்சு ஓட்டுனா ஒரு நாளைக்கு நாலு ஷிப்ட் தான், காலையில ரெண்டு போட்டா நைட்ல 30 பேருக்கு ஒருத்தி. ரெஜிஸ்டர்ல அஞ்சுக்கு ஒண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு முப்பதுக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை, யாரும் பொய் சொல்லல. கவுன்சிலோட மூணுக்கு ஒண்ணு கூட ஷிப்ட் கணக்குல பாத்தா ஒம்பதுக்கு ஒண்ணு தான்.

கலிஃபோர்னியால 1999ல சட்டம் போட்டு 2004 ஜனவரில அமல் பண்ணாங்க, 2005ல இருந்து சாதா மெடிக்கல், சர்ஜரி வார்டுல அஞ்சு பேருக்கு ஒரு நர்ஸ், எமர்ஜென்சில நாலு, ஐசியுல ரெண்டு. அந்த அஞ்சு கட்டில் பக்கத்துல நிக்கிற கணக்கு, எந்த நேரத்துலயும், அந்த நர்ஸ் சாப்பிட போனாலும் அவங்க இடத்துல வேற ஆள் வந்து நிக்கணும். அவங்க அஞ்சும் நம்ம அஞ்சும் ஒரே அஞ்சு இல்ல. ஆஸ்திரேலியால விக்டோரியா 2000லயே நர்ஸ் யூனியன் ஒப்பந்தம் வழியா கொண்டு வந்துது, 2015ல சட்டமாவே ஆக்குனாங்க, குவீன்ஸ்லாந்து 2016ல பகல்ல நாலுக்கு ஒண்ணு, நைட்ல ஏழுக்கு ஒண்ணுன்னு கொண்டு வந்துது. வேல்ஸ்லயும் 2016ல சட்டம் வந்துது. தமிழ்நாட்டுல ஷிப்டுக்கு இத்தன பேருன்னு இந்த மாதிரி ஒரு சட்டம் கிடையாது.

ஒரு நர்ஸுக்கு இத்தன பேஷன்ட் தான்னு வைக்கிற அளவ ரேஷியோன்னு சொல்லுவாங்க, "ரேஷியோ வச்சா சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் மூட வேண்டியது தான்"னு முதலாளிங்க சொல்லுவாங்க, அந்த கவலை முழுசா பொய்யுன்னு நான் சொல்ல மாட்டேன், மார்த்தாண்டம் கருங்கல் பக்கம் 20 பெட் 30 பெட்டோட டாக்டர் குடும்பமே நடத்துற ஆஸ்பத்திரிகள் எத்தனையோ இருக்கு, அவங்களுக்கு கஷ்டம் தான். ஆனா குவீன்ஸ்லாந்துல 27 ஆஸ்பத்திரில ரேஷியோ கொண்டு வந்து, கொண்டு வராத 28 ஆஸ்பத்திரியோட ஒப்பிட்டு பாத்தாங்க, 2021ல வந்த ஆய்வு அது. ரேஷியோவால கூடுதலா வந்த நர்ஸ் 167 பேர் அளவு, தவிர்த்த சாவு 145ன்னு கணக்கு போட்டாங்க, ஜனங்க ஆஸ்பத்திரில படுத்து கிடக்குற நாள் குறைஞ்சதுலயும் திரும்பி வந்து அட்மிட் ஆகுறது குறைஞ்சதுலயும் மிச்சமான பணம் அந்த சம்பள செலவ விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா அங்க ஆஸ்பத்திரிய நடத்துறது அரசாங்கம், மிச்சம் அதே பாக்கெட்டுக்கு திரும்ப வருது. நம்ம ஊர் தனியார் ஆஸ்பத்திரில பேஷன்ட் ரெண்டு நாள் கூட படுத்தா அந்த பில்ல கட்டுறது பேஷன்ட் வீட்டுக்காரங்க, அப்ப நர்ஸ் கூட்டுறதுல லாபம் யாருக்குன்னு பாத்தா ஆஸ்பத்திரிக்கு இல்ல. இந்த எடத்துல தான் அரசாங்கம் கைய வைக்கணும், தானா நடக்காது.

ஆளே கிடைக்கலன்னு ஒரு பேச்சு உண்டு. அத கேட்டா எனக்கு கோவம் தான் வரும். 1838ல நெய்யூர்ல மிஷன் மருத்துவம் தொடங்குன மண்ணு இது, எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் வந்து வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணின ஊரு. இன்னிக்கு விளவங்கோடு கல்குளம் பக்கம் எந்த தெருவுல வேணும்னாலும் போய் கேளுங்க, வீட்டுக்கு ஒரு நர்ஸ் இருப்பாங்க, ஒருத்தி குவைத்ல, ஒருத்தி சவூதில, ஒருத்தி இங்கிலாந்துல. ஆள் இருக்கு, இங்க நிக்கல. ஏன் நிக்கலன்னா சம்பளம். 2015ல மாநிலம் பூரா எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வச்ச பரீட்சை எழுதி அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்த 7,000க்கு மேல நர்ஸுங்களுக்கு அப்ப தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபா. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி வந்தவங்க 2017 நவம்பர்ல சென்னைல மருத்துவத் துறை ஆபீஸ் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடுனாங்க, அதே வாரம் தான் நம்ம ஊர்ல ஓகி புயல் அடிச்சுது. கொரோனா காலத்துல ஒப்பந்தத்துல எடுத்தவங்கள்ல 2,000 பேருக்கு மேல 2022 டிசம்பர் 31ஓட வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பினாங்க. தனியார்ல இதுக்கும் கீழ வாங்குனவங்கள எனக்கு தெரியும், நானே ஒரிஜினல் சர்டிபிகேட்ட ஆபீஸ்ல குடுத்து வச்சிட்டு ரெண்டு வருஷம் வேலை பாத்தவ தான்.

எல்லையில இருக்குற களியக்காவிளை தாண்டினா கத வேற. கேரளத்துல 2011க்கு அப்புறம் நர்ஸுங்க சங்கம் வச்சு தெருவுல இறங்குனாங்க. 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுங்க நிலைமைய பாக்க கமிட்டி போடச்சொல்லிச்சு, அந்த கமிட்டி 50 பெட்டுக்கு கீழ உள்ள ஆஸ்பத்திரில கூட 20,000 ரூபாக்கு குறையக்கூடாது, 200 பெட்டுக்கு மேலன்னா அரசு நர்ஸ் சம்பளமே குடுக்கணும்னு சொல்லிச்சு. 2018ல கேரளா அரசாணை போட்டு குறைஞ்சபட்சம் 20,000ன்னு ஆக்குனாங்க. அப்ப நம்ம பிள்ளைங்க காலையில பஸ் ஏறி பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம்னு போகாம என்ன செய்வாங்க. ரெண்டு வருஷம் அனுபவம் சேந்ததும் அங்கிருந்து கல்ஃப். இங்க மிஞ்சுறது புதுசா படிச்சு வந்த பிள்ளைங்க, அவங்க கைல 28 பேர். எண்ணிக்கை ஒரு பக்கம்னா யாரு நிக்கிறாங்கங்கறது இன்னொரு பக்கம், ஐரோப்பா ஆய்வுலயே இருக்கு, டிகிரி படிச்ச நர்ஸுங்க பங்கு 10 சதவீதம் கூடினா சாவு வாய்ப்பு 7 சதவீதம் குறையுதுன்னு.

அப்ப வார்டு எப்படி ஓடுது? ரெண்டு பேரால ஓடுது. ஒண்ணு ஸ்டூடன்ட்ஸ், நர்சிங் ஸ்கூல் வச்சிருக்குற நெறைய இடத்துல படிக்க வந்த பிள்ளைங்கள ஆள் கணக்குல சேத்து நைட் போடுறாங்க, கூட நின்னு சொல்லித்தர யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டாவது பைஸ்டாண்டர், அதாவது பேஷன்ட் கூட நிக்கிற வீட்டு ஆளு. டிரிப் தீரப்போகுதான்னு பாத்துட்டே முழிச்சிருக்குறது, திருப்பி படுக்க வைக்கிறது, கஞ்சி குடுக்கிறது, மூத்திரப்பை நிறைஞ்சுதான்னு பாக்குறது, எல்லாம் மகளோ மருமகளோ தான். கூட யாரும் இல்லாத பேஷன்ட், வேற மாநிலத்துல இருந்து மீன்பிடி போட்டுல வேலைக்கு வந்தவங்க, தனியா இருக்குற வயசானவங்க, இவங்க நிலைமைய யோசிச்சு பாருங்க. அன்னிக்கு அந்த அம்மச்சிக்கு மக இல்லாம இருந்திருந்தா நான் காலையில அஞ்சு மணி ரவுண்டுக்கு தான் அந்த கட்டிலுக்கு போயிருப்பேன்.

வெறும் எண்ணிக்கை மட்டும் போதாதுன்னும் சொல்லணும். நாளைக்கு வீட்டுக்கு போற அஞ்சு பேரும், இன்னிக்கு ஆபரேஷன் முடிஞ்சு வந்த அஞ்சு பேரும் ஒரே வேலை இல்ல, அதுக்கு ஏத்த மாதிரி ஆள கூட்டணும். இங்கிலாந்துல ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரில கவனிப்பு இல்லாம ஜனங்க பட்ட பாட்ட விசாரிச்சு 2013ல பெரிய அறிக்கை வந்துது, ஆள் குறைச்சு செலவ மிச்சம் பிடிச்சது அதுல ஒரு முக்கிய காரணம். அடுத்த வருஷம் அங்க உள்ள அரசு அமைப்பு, பகல்ல ஒரு நர்ஸ் எட்டு பேருக்கு மேல பாத்தா அது ஆபத்து அறிகுறின்னு எழுதி வச்சாங்க. அதோட இன்னொண்ணும் செஞ்சாங்க, ஒவ்வொரு வார்டு வாசல்லயும் போர்டு, இந்த ஷிப்ட்ல இருக்க வேண்டிய நர்ஸ் இத்தன, இன்னிக்கு இருக்குறது இத்தன.

இந்த போர்டு தான் நான் கேக்குறது. ரேஷியோ சட்டம் வேணும், சம்பளம் வேணும், அதுக்கு வருஷம் ஆகும், கோர்ட்டும் போராட்டமுமா இழுக்கும். ஒரு வெள்ள போர்டும் ஒரு மார்க்கர் பேனாவும் வாங்க யாருக்கும் கஷ்டம் இல்ல. பெட்ல இத்தன பேரு, பதிவு பெற்ற நர்ஸ் இத்தன பேரு, ஸ்டூடன்ட் இத்தன பேரு, ஷிப்டுக்கு ஒரு தடவ அழிச்சு எழுதணும். அரசு ஆஸ்பத்திரிலயும் வேணும், தனியார்லயும் வேணும். அத பாத்தா ஜனங்க சிஸ்டர் கூட சண்ட போடுறதும் பாதி குறையும், ஏன்னா இப்ப லேட்டா வந்ததுக்கு திட்டு வாங்குறது அந்த 28 பேர ஒத்தைக்கு பாக்குறவ தான், ரோஸ்டர் போட்டவங்க யாரும் அந்த நேரம் வார்டுல இருக்க மாட்டாங்க.

போன வருஷம் எங்க அம்மாவ பித்தப்பை கல்லுக்கு அட்மிட் பண்ணும்போது ரிசப்ஷன்ல கேட்டேன், வார்டுல எத்தன பேருக்கு ஒரு நர்ஸ்னு. "அஞ்சு பேருக்கு ஒண்ணுக்கா"ன்னு அந்த பிள்ள சட்டுனு சொல்லிச்சு. நைட்லன்னு கேட்டேன். முழிச்சிட்டு, மேல வார்டுக்கு போன் போட்டு கேட்டுட்டு, "26 பெட்டு, ரெண்டு பேரு, ஒருத்தங்க புதுசுக்கா"ன்னு சொல்லிச்சு. மறைக்காம சொன்னதுக்கு அந்த பிள்ள மேல எனக்கு மரியாத தான் வந்துது. அட்மிட் பண்ணோம், வேற எங்க போக, நைட்டுக்கு நானும் தங்கச்சியும் மாறி மாறி முழிச்சிருந்தோம், எதிர் கட்டில் பாட்டாக்கு யாரும் இல்ல, அவரோட டிரிப்பையும் சேத்து பாத்துக்கிட்டோம்.